குளவியை வண்டு என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சில நாள்களுக்கு முன், ஒரு பள்ளியின் மாடிப்படிக்கு அடியில் இருந்த ‘விஷ வண்டுக் கூடு’ தீப்பந்தம் வைத்து அழிக்கப்பட்டதாக ஒரு செய்தி படத்துடன் வந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்தப் படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தேன். உள்ளங்கை அளவுகூட இல்லாத, மேலுறை ஏதுமின்றி அறைகள் எல்லாம் திறந்து தெரிந்த, மெல்லிய காம்பு ஒன்றில் தொங்கிய சாம்பல் நிறக் கூடு அது. அதன்மேல் செம்பழுப்பு நிறத்தில், இடை சிறுத்து, வயிற்றில் மஞ்சள் வளையம் தெரிய உட்கார்ந்திருந்தவை வண்டுகள் அல்ல. நம் வீட்டுச் சன்ஷேடுக்கு அடியிலும் ஜன்னல் ஓரத்திலும் ஆண்டு முழுவதும் காணக்கூடிய காகிதக் குளவிகள். அறிவியலார் அவற்றை ரோபாலிடியா என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. முன்னிறகு இரண்டும் ஓடுபோல் கெட்டிப்பட்டு முதுகை மூடியிருக்கும் பூச்சிதான் வண்டு. கொட்டுவது குளவி, தேனீ, எறும்பு ஆகியவை அடங்கிய வேறொரு வரிசை. அதிலும் பெண்களுக்கு மட்டுமே கொடுக்கு உண்டு. பெயரில் என்ன இருக்கிறது என்று செய்தியாளர் கேட்கலாம். ‘விஷ வண்டு’ என்று எழுதப்பட்ட மறுநாளே எங்கள் தெருவில் ஒருவர் மண்ணெண்ணெய்ப் புட்டியுடன் தன் வீட்டு ஜன்னல் ஓரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார் என்பதால்தான் இந்தக் கடிதம் எழுத நேர்ந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனையிலும் தென்னையிலும் பாழடைந்த கட்டடங்களிலும் பானை அளவுக்குக் கூடு கட்டும் கதண்டுகளைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. நூறு கதண்டுகள் சேர்ந்து கொட்டினால் ஆள் பிழைப்பது அரிது என்பதை டெல்டாவில் வாழும் எவரும் அறிவர். அத்தகைய கூடு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருந்தால் தீயணைப்புத் துறையினரை அழைக்கத்தான் வேண்டும். காகிதக் குளவியும் கூட்டைத் தொட்டால் கொட்டும், வலிக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது, சாரையையும் நல்லபாம்பையும் ‘விஷப் பாம்பு’ என்று ஒரே வரியில் எழுதுவது போன்றது. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வேஸ்பா ட்ராபிகா என்ற பெருங்குளவி, நாம் கதண்டு என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. அதுதான் இந்தச் சிறு காகிதக் குளவிகளின் முதன்மையான எதிரி. அது வந்து கூட்டில் இறங்கியதும் காகிதக் குளவிகள் சண்டையிடாமல் பறந்து விலகிவிடுகின்றன. வந்தது அறை அறையாகப் புழுக்களை இழுத்துத் தின்றுவிட்டுப் போகிறது. வேட்டையாடுவதற்கும் வேட்டையாடப்படுவதற்கும் நாம் ஒரே பெயர் சூட்டித் தீ வைக்கிறோம்.

அந்தப் பள்ளியில் எரிந்த கூட்டைப் போன்ற கூடுகளை வைத்துத்தான், நமக்குப் பக்கத்தில் பெங்களூரில், உலகம் மதிக்கும் ஓர் ஆராய்ச்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ராகவேந்திரா கதக்கர், ஓய்வு நேரத்தில் குளவிக் கூடுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். பின்னர் அதுவே அவருடைய முழுநேரத் துறையாயிற்று. 1983-இல் அக்கழகத்தில் சூழலியலாளர் மாதவ் காட்கில் முயற்சியில் உருவான சூழலியல் அறிவியல் மையத்தில், ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற இந்த ஒரே இனத்தைத் தம் மாணவர்களுடன் தொடர்ந்து ஆராய்ந்தார். அதற்கான கருவி பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கடிகாரம், குளவியின் முதுகில் புள்ளி வைக்கச் சில வண்ணச் சாயங்கள். சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்த புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் இட்டால், கூட்டில் உள்ள அத்தனை பேரையும் தனித்தனி ஆளாகக் காணலாம். பெருஞ்செலவு இல்லாமல் முதல்தரமான அறிவியல் செய்ய முடியும் என்பதைப் பிற்காலத்தில் அவர் பலமுறை எழுதியும் பேசியும் வந்திருக்கிறார். 1993-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி பழையது. ஒரு குளவி தான் முட்டையிடாமல் இன்னொரு குளவியின் பிள்ளைகளை ஏன் வளர்க்க வேண்டும்? 1859-இல் இயற்கைத் தேர்வுக் கொள்கையை வெளியிட்டபோதே டார்வின், மலட்டு வேலைக்காரப் பூச்சிகளைத் தம் கொள்கைக்கு எதிரான பெரிய இடராகக் கண்டார். 1964-இல் வில்லியம் ஹாமில்டன் அதற்கு மரபியல் வழியில் ஒரு விடை சொன்னார். குளவி, தேனீ, எறும்பு இனங்களில் கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறக்கின்றன. ஆணுக்கு ஒரே தொகுதிக் குரோமோசோம்தான் இருப்பதால், ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் பிறந்த அக்காவும் தங்கையும் தந்தையின் பங்கை முழுவதும் ஒன்றுபோலப் பெறுகிறார்கள். எனவே அவர்களுக்கு இடையிலான மரபணு நெருக்கம் முக்கால். தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருப்பதோ அரைதான். மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது மரபணுக் கணக்கில் லாபம் என்று ஆகிறது. பாடப் புத்தகத்தில் இந்தக் கணக்கை நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் அது மிக அழகாக வந்து முடியும். நானும் அங்கேயே முடித்துக்கொண்டு மணியடித்ததும் வகுப்பை விட்டு இறங்கியிருக்கிறேன்.

பெங்களூர்க் குளவிகள் அந்த அழகைக் கொஞ்சம் கலைத்துவிட்டன. இராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுடன் சேர்கிறது என்பதை, புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் முறையால் கதக்கர் குழுவினர் 1986-இல் காட்டினர். தந்தையர் பலர் என்றால் அக்காள் தங்கை நெருக்கம் முக்காலிலிருந்து பாதி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. ஒரு கூட்டில் ஓர் இராணி போய் இன்னோர் இராணி வருவது வழக்கமாக நடப்பதால், பணிக்குளவிகள் வளர்ப்பது எப்போதும் தங்கையை அல்ல. சில நேரம் அக்காள் மகளை, சில நேரம் பெரியம்மாள் மகளை, சில நேரம் உறவுமுறை சொல்லவே சிரமமான யாரையோ. தன் கூட்டைச் சேர்ந்தவள், சேராதவள் என்று பிரித்தறியும் குளவிக்கு, கூட்டுக்குள் நெருங்கிய உறவு யார், தூரத்து உறவு யார் என்று பார்த்து நடக்கத் தெரிவதாகத் தெரியவில்லை. அதைவிட வியப்பு, வேறொரு கூட்டில் பிறந்த சில நாளே ஆன குளவியைக் கொண்டுவந்து விட்டால் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அப்படி வந்தவள் பின்னாளில் இரை தேடப் போகிறாள், சில சமயம் அங்கே இராணியாகவும் ஆகிவிடுகிறாள்.

அப்படியானால் தியாகத்துக்குக் காரணம் என்ன? மரபணு நெருக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த விலங்கு வாழும் சூழலின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது கதக்கரின் வாதம். முட்டை வளர்ந்து முழுக் குளவியாக வெளிவர ஏறத்தாழ 2 மாதம் ஆகிறது. பெண்குளவி ஒன்றின் சராசரி ஆயுளோ ஒரு மாதம் அளவுதான். தனியாகக் கூடு தொடங்கும் தாய் நடுவில் இறந்தால், அதுவரை ஊட்டிய புழுக்கள் அத்தனையும் எறும்புக்குத்தான் போகும். அவள் உழைப்பு முழுவதும் வீண். பலர் வாழும் கூட்டில் ஒருத்தி பத்து நாள் மட்டும் உழைத்துச் செத்தாலும், அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் தொடர்வாள். அந்தப் பத்து நாளின் பலன் கைக்கு வந்து சேரும். இதை அவர் 1990-இல் ஒரு கட்டுரையாக விரித்து எழுதினார். பெரிய குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இந்த வாதத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பிறக்கும்போதே ஒருத்தி இராணியாகவும் மற்றவள் வேலைக்காரியாகவும் விதிக்கப்படுவதில்லை என்பது இந்த இனத்தின் ஒரு சிறப்பு. உருவத்தைப் பார்த்து இராணியைச் சொல்ல முடியாது. புதிதாகப் பொரிந்து வரும் பெண்குளவிகளைத் தனித்தனிப் பெட்டியில், வேண்டிய உணவுடன் விட்டுப் பார்த்தபோது அவற்றில் ஏறத்தாழப் பாதி தாமாகவே கூடு கட்டி முட்டையிட்டன; மீதி இடவில்லை. அதாவது கூட்டில் காலமெல்லாம் ஊழியம் செய்து மடியும் குளவிகளில் பலவும், வாய்ப்புக் கிடைத்திருந்தால் தாயாகியிருக்கக் கூடியவையே. மீதிப் பாதி ஏன் இடவில்லை என்பதற்குப் புழுப் பருவத்தில் கிடைத்த ஊட்டமும் ஒரு காரணம் என்று கண்டார்கள்.

இராணி என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரம் செய்பவள் என்று நமக்குத் தோன்றுகிறது. ரோபாலிடியா சயாத்திஃபார்மிஸ் என்ற நெருங்கிய இனத்தில் அது உண்மையும்கூட. அங்கே இராணி எல்லாரையும் கடித்தும் துரத்தியும் அடக்கி வைக்கிறாள், அவளுக்கு அடுத்து யார் முரட்டுத்தனம் மிக்கவளோ அவளே வாரிசு. ரோபாலிடியா மார்ஜினேட்டாவின் இராணியோ ஒரு சாது. பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பாள். யாரையும் ஏவ மாட்டாள். இரை தேடப் போகும் வேலையை ஒழுங்குபடுத்துவது அவள் அல்ல, பணிக்குளவிகளே ஒன்றையொன்று தூண்டி அதைப் பார்த்துக்கொள்கின்றன. உணவு தட்டினால் இந்தச் சீண்டல் கூடுகிறது, தாராளமாக வைத்தால் குறைகிறது. ஆனால் முட்டையிடும் உரிமை மட்டும் அந்தச் சாதுவிடமே இருக்கிறது. எப்படி என்றால், வயிற்றின் அடிப்பகுதியைக் கூட்டின்மேல் அடிக்கடி தேய்த்துக்கொண்டே நடந்து, டூஃபூர் சுரப்பி என்ற சிறு சுரப்பியின் வாசனையை அங்கங்கே பூசிவிட்டுப் போகிறாள். நான் இருக்கிறேன் என்பதற்கு அதுவே கையெழுத்து.

அவளைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் சிறிது நேரத்திலேயே ஒரு பணிக்குளவிக்கு ஆவேசம் வந்துவிடுகிறது. நேற்றுவரை இருக்கும் இடம் தெரியாமல் இருந்தவள் இன்று கண்ணில் பட்டவரையெல்லாம் துரத்துகிறாள். இராணியைத் திருப்பி விட்டால் மறுபடியும் பழையபடி வேலைக்காரி. திருப்பி விடாவிட்டால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, அதன்பின் அவளும் சாதுவாகிவிடுகிறாள். யார் அடுத்த இராணி என்பதை முன்கூட்டியே சொல்ல, வயது, உடற்கட்டு, சண்டைக்குணம், வேலை என்று எதை வைத்துப் பார்த்தும் ஆராய்ச்சியாளர்களால் முடியவில்லை. நமக்குத் தெரியாதது குளவிகளுக்குத் தெரியுமா? இதற்காக அவர்கள் செய்த சோதனையைத்தான் நான் ஓய்வு பெற்ற பிறகு படித்தேன். வகுப்பில் சொல்லாமல் போனோமே என்று வருந்தினேன். கூட்டை இரண்டாக வெட்டி, நடுவே கம்பி வலை வைத்து, குளவிகளை இருபுறமும் பிரித்து விட்டார்கள். இராணியின் வாசனை காற்றில் பரவுவது அல்ல, தொட்டால்தான் தெரியும் என்பதால், இராணி இல்லாத பக்கத்தில் ஒருத்தி ஆவேசம் கொண்டு எழுந்தாள். பிறகு இராணியையும் இவளையும் பக்கம் மாற்றினார்கள். சில முறை, புதுப் பக்கத்தில் இருந்தவர்களும் இவளை மறுபேச்சின்றி ஏற்றார்கள். மற்ற முறைகளில் இவள் அடங்கிப் போக, அந்தப் பக்கத்தில் இருந்த வேறொருத்தி எழுந்தாள். அவளை இரு பக்கத்தாருமே எதிர்க்கவில்லை. வாரிசு யார் என்பது கூட்டுக்குள் முன்பே முடிவாகியிருக்கிறது, வெளியே நின்று பார்க்கும் நமக்குத்தான் புலப்படவில்லை. 2012-இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, இப்படி ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர்வரை வரிசை இருப்பதையும், அந்த வரிசை பெரிய சண்டையின்றியே நகர்வதையும் காட்டியது.

ஆண்குளவிகளைப் பற்றி ஒரு வரி. பிறந்து ஒரு வாரத்துக்குள் கூட்டை விட்டுப் போய்விடும், கூட்டுக்காக ஒரு துரும்பையும் அசைக்காது என்றே எழுதப்பட்டு வந்தது. பெண்குளவிகளை அகற்றிவிட்டு ஆண்களிடம் உணவை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தபோது, அவையும் புழுக்களுக்கு ஊட்டின. எங்கள் வீட்டுப் பெண்கள் இந்த ஆராய்ச்சி முடிவை மிகவும் ரசித்தார்கள் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

என் வீட்டுச் சமையலறை ஜன்னலின் சன்ஷேடுக்கு அடியிலும் ஒரு கூடு இருக்கிறது. இரண்டு முழத் தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து காலை நேரத்தில் பார்ப்பது வழக்கம். இதுவரை கொட்டு வாங்கியதில்லை. வெளியே போன குளவி, மென்று உருட்டிய பச்சை நிறப் புழுச் சதையை வாயில் கவ்வி வந்து இறங்கும். இறங்கியதும் இரண்டு மூன்று பேர் வந்து பங்கு பிய்த்துக்கொண்டு, அறை அறையாகத் தலையை நுழைத்து உள்ளிருக்கும் புழுவுக்கு ஊட்டுவார்கள். என் முருங்கைக் கன்றில் கம்பளிப்பூச்சி ஏறாமல் இருப்பதற்கு இவர்கள்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பச்சை உருண்டைகள் எங்கிருந்தோதான் வருகின்றன. போன ஐப்பசி மழையில் சாரல் அடித்தபோது, கூட்டின்மேல் படிந்த நீர்த் துளிகளை அவர்கள் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக் கூட்டின் விளிம்பிலிருந்து கீழே உமிழ்ந்ததைப் பார்த்தேன். மழை விட்டபின்னும் அரை மணி நேரம் அந்த வேலை நடந்தது.

நம் மக்களுக்குக் குளவி அந்நியமானதும் அல்ல. சுவரில் மண்கூடு கட்டும் வேட்டுவன் குளவி வீட்டுக்குள் வந்தால் குழந்தைப் பேறு உண்டு என்று சொல்லி அதைக் கலைக்காமல் விடும் பழக்கம் இன்றும் ஊர்களில் இருக்கிறது. கொட்டிக் கொட்டியே அது புழுவைக் குளவியாக்கிவிடும் என்று சொல்லி, குரு சீடனைத் தன்னைப் போல ஆக்குவதற்கு உவமையும் காட்டினார்கள். உண்மையில் அந்தப் புழு குளவியாவதில்லை. கொட்டி மயக்கி உள்ளே அடைத்த புழுவைத் தின்று வளர்ந்த குளவிக்குஞ்சுதான் வெளியே வருகிறது. உவமை பொய்த்தாலும், கூட்டின் வாயிலில் காத்திருந்து பார்த்தவர்கள் சொன்ன உவமை அது என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தை வளர்த்தெடுத்த பேராசிரியர் டி. என். அனந்தகிருஷ்ணன், கண்ணுக்கு அரிதாகத் தெரியும் இலைப்பேன்களை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றதும் இந்த மண்ணில்தான்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. பூச்சிக் கூடு பற்றிய செய்தி வரும்போது, படத்தைப் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் யாரிடமாவது காட்டிவிட்டு, கதண்டு என்றால் கதண்டு என்றும், காகிதக் குளவி என்றால் அப்படியும் எழுதச் செய்தியாளர்களுக்குச் சொல்லுங்கள். தலைப்பில் இடம் போதவில்லை என்றால் ‘குளவி’ என்ற மூன்றெழுத்தே போதும். அது ‘விஷ வண்டு’ என்பதைவிடக் குறைந்த இடத்தையே எடுக்கும். பள்ளியில் உள்ள காகிதக் குளவிக் கூடு மாணவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் அப்புறப்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், பத்தடி தள்ளிக் கயிறு கட்டி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்தக் குளவி எத்தனை மணிக்குப் போனது, எதைக் கொண்டு வந்தது என்று ஒரு மாதம் எழுதச் சொல்லலாம். அந்த நோட்டில் முதல் பக்கத்தைத் தாங்கள் அறிவியல் இணைப்பில் வெளியிடுவதாக இருந்தால், கூடு இருக்கும் பள்ளியைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

எரிக்கப்பட்ட கூட்டின் படத்துக்குக் கீழே இருந்த இரு சொற்களுக்கு மட்டும், அதே பக்கத்தில், ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மன்னார்குடி.